சீப்பும் புகைபோக்கியும்



தலைவாரி முடித்த பிளாஸ்டிக் சீப்பைச் சிறு காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டு சென்றால் அவை துள்ளி எழுந்து சீப்பைப் பற்றிக்கொள்ளும். இதனைச் செய்து பாராத பிள்ளை நம் நாட்டில் இருத்தல் அரிது. ஆசிரியர் கற்பிப்பதற்கு முன்பே பிள்ளைகள் தாமே இதனைக் கண்டுகொள்கின்றனர்; சில நாள் விளையாடிவிட்டு மறந்தும் போகின்றனர். ஆயினும் அவ்விளையாட்டில் தொழிற்படும் விசையே நம் வீட்டுப் பொருள்களின்மீது தூசியை இழுத்துச் சேர்க்கிறது. அதே விசையை நம்பித்தான் வடசென்னையின் அனல் மின் நிலையங்கள் தம் புகைபோக்கிகளைத் திறந்து வைத்திருக்கின்றன.

நான் பெரம்பூர்வாசி. இருப்புப்பாதைகளும் தொழிற்கூடங்களும் சூழ்ந்த ஊர் எங்கள் ஊர். தூசிக்குக் குறைவில்லை. காலையில் துடைத்த மேசையின்மேல் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். இல்லத்தரசிகள் இதனை ஒரு வழக்காகவே எடுத்துக்கொண்டுவிட்டனர். ஆனால் எல்லாப் பொருளிலும் தூசி ஒரே வகையாய்ப் படிவதில்லை என்பதைக் கவனித்தவர் சிலரே. பூசை அறையில் பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று இருக்கிறது. அதன் அருகே சுவாமி படத்திற்குப் பிளாஸ்டிக் பூமாலை சாத்தியிருக்கிறது. விளக்கின் தட்டில் மேலிருந்து விழுந்த தூசி மட்டுமே கிடக்கும். மாலையிலோ பக்கவாட்டிலும் இதழ்களின் அடிப்புறத்திலுங்கூடத் தூசி அடையாய் ஒட்டியிருக்கும். கீழ்நோக்கிய பரப்பில் தூசி தன் எடையால் எவ்வாறு விழும்? விழவில்லை; இழுக்கப்பட்டது.

இழுப்பது எது? எல்லாப் பொருள்களும் அணுக்களால் ஆனவை. அணுவின் நடுவே நேர்மின் கொண்ட கரு உண்டு. அதனைச் சுற்றி எதிர்மின் கொண்ட எலெக்ட்ரான்கள் உள்ளன. இரண்டும் சமமாயிருக்கும்வரை பொருள் மின்னற்றதாகவே தோன்றும். இரு வேறு பொருள்கள் நெருங்கித் தொட்டுப் பின் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றதற்குச் சிறிது மின் மாறிச் செல்கிறது. தலைமயிர் எலெக்ட்ரான்களை இழக்கிறது. சீப்பு அவற்றைப் பெறுகிறது. தேய்ப்பதால் மின்சாரம் உண்டாகிறது என்று பாடநூல்கள் எழுதுவது வழக்கம். உண்டாக்கப்படுவது ஒன்றுமில்லை. முன்பே இருந்தது இடம் மாறுகிறது, அவ்வளவே. தேய்ப்பதன் பயன், இரு பரப்புகளும் பல இடங்களில் தொட்டுப் பிரியச் செய்வதுதான்.

பித்தளை எளிதிற் கடத்தி. அதன்மேல் சேரும் மின் விளக்கின் உடல் முழுவதும் பரவிக் கை வழியாகவோ தரை வழியாகவோ நழுவிவிடும். பிளாஸ்டிக் அரிதிற் கடத்தி. சேர்ந்த இடத்திலேயே மின் நிற்கிறது. நிலையாய் நிற்பதனால் அதற்கு நிலைமின்சாரம் என்று பெயர் வைத்தனர். சீப்பில் நிற்கும் மின்னழுத்தம் சில ஆயிரம் வோல்ட் வரை எழக்கூடும் என்றால் நேயர்கள் திடுக்கிடலாம். பனைமரத்தின் உச்சியிலிருந்து ஒரே ஒரு துளி நீர் தலையில் விழுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். உயரம் பெரிது, நீரின் அளவு சிறிது, ஆதலால் ஊறு இல்லை.

இங்கே கூரிய மாணவன் ஒரு கேள்வி எழுப்புவான். சீப்பில் மின் உண்டு, சரி. தூசிக்கு மின் ஏது? மின்னற்ற ஒன்றை மின்னுள்ளது ஏன் இழுக்கவேண்டும்? நல்ல கேள்வி. சீப்பின் எதிர்மின், தூசித் துகளிலுள்ள எலெக்ட்ரான்களைச் சற்றே அப்பால் தள்ளுகிறது. ஆகவே துகளின் அண்மைப் பக்கம் நேர்மின்னாகவும் சேய்மைப் பக்கம் எதிர்மின்னாகவும் ஆகின்றன. அண்மையில் இருப்பதன்மேல் இழுப்பு மிகுதி. சேய்மையில் இருப்பதன்மேல் தள்ளல் குறைவு. இழுப்பு வெல்கிறது. இதனைத் தூண்டல் என்பர். ஒட்டிய காகிதத் துணுக்குகளிற் சில, ஓரிரு நொடியில் சீப்பைவிட்டுத் தெறித்து ஓடுவதையும் கண்டிருப்பீர்கள். தொட்டபோது சீப்பின் மின்னையே அவை வாங்கிக்கொண்டன. ஒத்த மின் ஒன்றையொன்று தள்ளும்.

இச்செய்தியை மனிதன் அறிந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகின்றன. மரப்பிசின் மண்ணுள் புதைந்து பல கோடி ஆண்டுகளில் கல்லாய் இறுகிய பொருளுக்கு அம்பர் என்று பெயர். அதனைத் தேய்த்தால் துரும்பை இழுக்கும். கிரேக்கர் அம்பரை எலெக்ட்ரான் என்று அழைத்தனர். பாரசீகர் அதற்கு இட்ட பெயர் காஹ்ருபா. துரும்புத் திருடன் என்பது பொருள். அச்சொல்லே அரபு மொழியில் இன்று மின்சாரத்தைக் குறிக்கிறது. விளக்கெரிப்பதும் இரயில் ஓட்டுவதும் அரபு நாட்டில் இந்தத் திருடன்தான்! 1600இல் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் வில்லியம் கில்பர்ட், கண்ணாடி, கந்தகம், முத்திரை அரக்கு முதலியனவும் இவ்வாறே இழுக்கும் என்று காட்டினார். ஈரக்காற்றில் இவ்விசை மெலிந்துபோவதையும் அவர் கண்டார். 1733இல் பிரெஞ்சு அறிஞர் தூஃபே, மின் இருவகைப்படும் என்றார்.

தூசிக்கும் மின்னுக்கும் உள்ள உறவை முதலில் அழகாகக் காட்டியவர் ஜெர்மானியப் பேராசிரியர் லிக்டன்பர்க். 1777இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் பெரிய பிசின் தட்டு ஒன்று இருந்தது. அதனை இழைத்தபோது எழுந்த நுண்பொடி தட்டின்மேல் படிந்தது. பரவலாகப் படியாமல், மின் தங்கிய இடங்களில் மட்டும் விண்மீன்களும் கிளைகளும் போன்ற வடிவங்களாகப் படிந்தது. கண்ணுக்குத் தெரியாத மின்னைத் தூசி படமாக வரைந்துவிட்டது. 1938 அக்டோபர் 22ஆம் நாள் அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன் என்பார், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து, எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் மின் தங்கச்செய்து, அதன்மேல் நுண்பொடி தூவினார். எழுத்து தோன்றிற்று. அதுவே நம் தெருமுனைக் கடைகளில் ஜெராக்ஸ் என்று வழங்கும் படியெடுப்பு. பிறப்புச் சான்றிதழைப் படியெடுத்துக் கையில் வாங்கும்போது, தூசி ஒட்டும் கலையைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம்.

நம் ஊர்க்காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். மேற்கிலிருந்து வீசுவது கோடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல் என நம் முன்னோர் நால்வகைக் காற்றுக்கும் பெயரிட்டனர். நிலைமின் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இப்பாகுபாடு மிகவும் பயன்படும். கொண்டல் கடலின் ஈரத்தைச் சுமந்து வருவது. அவ்வீரம் பொருள்களின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய படலமாய்ப் படிகிறது; மின் அதன் வழியே நழுவிவிடுகிறது. பட்டுத்துணியும் கண்ணாடிக் கோலும் கொண்டு வகுப்பில் சோதனை செய்யும் கடற்கரைப் பள்ளி ஆசிரியர், கோலை முதலில் வெயிலில் காய வைப்பது இதனாலேயே. அக்கினி நட்சத்திர நாள்களில் முற்பகல் முழுவதும் கோடை வீசும். அப்பொழுது சீப்பு காகிதத்தை நன்றாக இழுக்கும். பிற்பகலில் கடற்காற்று நுழைந்தபின் அதே சீப்பு சோம்பிவிடும். மே மாதத்தில் ஒரு நாள் பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் பிள்ளைகள் இதனைச் செய்து பார்க்கட்டும். குளிரூட்டிய அறையில் எந்தப் பருவத்திலும் செய்யலாம்; அங்குக் காற்று உலர்ந்தே இருக்கும்.

தூசி படிந்த இடமெல்லாம் நிலைமின்னின் வேலை என்று சொல்லிவிடுவதும் பிழை. மின்விசிறியின் இறக்கையைப் பாருங்கள். அது சுழன்றுகொண்டே இருந்தும் தூசி அடைகிறதே என்று பலர் வியப்பர். உடனே நிலைமின்சாரம் என்று விடை கூறுவாரும் உளர். ஏணியிட்டு ஏறி ஒருமுறை உற்றுப் பார்த்தால் உண்மை விளங்கும். காற்றை எதிர்த்துச் செல்லும் முன்விளிம்பிலேதான் தூசி தடித்திருக்கும். இறக்கை விரைந்து வரும்போது காற்று வளைந்து விலகிவிடுகிறது. காற்றிலுள்ள துகளோ அவ்வளவு விரைவில் வளைய இயலாமல் விளிம்பில் மோதுகிறது. சமையற்கட்டு எண்ணெய்ப் புகையும் ஈரமும் அதனைப் பற்றவைக்கின்றன. நிலைமின் அங்கே கூட்டாளி, முதலாளி அன்று.

முதலாளியாய் இருந்த இடம் பழைய தொலைக்காட்சிப் பெட்டி. அதன் படக்குழாயின் உட்புறம் இருபதாயிரம் வோல்ட் அளவில் அழுத்தம் ஊட்டினர். ஆதலின் வெளிக்கண்ணாடி அறையின் தூசியையெல்லாம் திரட்டிற்று. அருகில் கையை நீட்டினால் மயிர் எழுந்து நின்றது. தட்டைத் திரைகள் வந்தபின் அத்தொல்லை பெரிதும் குறைந்தது. வானொலி நிலையங்களில் இசைத்தட்டுகளைக் காப்பவர்க்கும் இதுவே பகை. உறையிலிருந்து உருவும்போதே தட்டு மின்னேற்று, தூசியை வரிப்பள்ளங்களுக்குள் இழுத்துக்கொள்ளும். பழைய பாடல்களின் நடுவே நேயர்கள் கேட்கும் 'கரகர' ஒலியிற் பெரும்பங்கு அத்தூசியினுடையது.

வீட்டில் நாம் செய்யும் ஒரு காரியத்தையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். பிளாஸ்டிக் பொருளில் தூசி கண்டால் உலர்ந்த துணியை எடுத்து, பளபளப்பு வரும்வரை அழுத்தித் தேய்க்கிறோம். தேய்க்கத் தேய்க்க அதற்கு மின்னூட்டுகிறோம். துணியை உதறி மடிப்பதற்குள் புதுத் தூசி வரத் தொடங்குகிறது. துணி டெரிலின் போன்ற செயற்கை இழையாயின் கேடு இன்னும் மிகுதி. நீரில் நனைத்து நன்கு பிழிந்த பருத்தித் துணியே ஏற்றது. ஈரம் மின்னையும் கொண்டுபோகும், தூசியையும் கொண்டுபோகும். கடைசி அலசலில் ஒரு துளி சோப்புக் கரைசல் சேர்த்தால், அது விட்டுச்செல்லும் மெல்லிய படலம் ஈரத்தைப் பிடித்து வைத்துச் சில நாள் காக்கும்.

ஈரம் மின்னைக் கொல்லும் என்பதனைப் பஞ்சாலைகள் நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தன. பெரம்பூர்ப் பகுதியில் 1878இல் பக்கிங்காம் ஆலையும் சில ஆண்டுகளில் கர்னாடிக் ஆலையும் எழுந்தன. பின்னி மில் என்று நாங்கள் சொல்லும் அவை 1996இல் மூடப்பட்டன. பஞ்சு உலர்ந்தால் இழைகள் மின்னேற்று ஒன்றையொன்று தள்ளிச் சிலிர்த்து நிற்கும், உருளைகளில் சுற்றிக்கொள்ளும், நூல் அறும். ஆதலால் பஞ்சாலைகளில் காற்றில் நீர்த்தூவி ஈரப்பதம் காப்பது வழக்கம். நூலுக்கு உகந்தது நூற்பவனுக்கு உகந்ததன்று. வெப்ப நாட்டில் ஈரக்காற்றினுள் எட்டு மணி நேரம் நிற்பவனுடைய வியர்வை உலராது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 15ஆம் பிரிவு முழுவதும் இச்செயற்கை ஈரப்பதத்தைப் பற்றியதாகவே இருந்தது. தூவும் நீர் தூயதாயிருக்கவேண்டும் என்பதும் அதில் இருந்தது.

பெட்ரோலைப் பற்றி இரண்டு சொல். தண்டையார்ப்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் எண்ணெய்க் கிடங்குகள் உள்ளன; மணலிச் சுத்திகரிப்பு ஆலை 1969 முதல் இயங்குகிறது. குழாயில் விரைந்து ஓடும் எண்ணெயும் மின்னேற்கும். டாங்கர் லாரி எண்ணெய் இறக்குமுன் அதன் உடலைக் கம்பியால் தரையோடு இணைப்பதைக் கண்டிருப்பீர்கள். அது வெறும் சடங்கன்று. பெட்ரோல் ஆவி காற்றோடு தக்க அளவில் கலந்திருக்கையில் அதனைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஆற்றல் போதும். விரல் நுனியில் 'சுரீர்' என்று நாம் உணரும் மிகச் சிறிய பொறியிலுங்கூட அதற்கு மேற்பட்ட ஆற்றல் உண்டு. கேனில் பெட்ரோல் நிரப்ப நேர்ந்தால், அதனை வண்டியின்மேல் வைத்தோ கையில் தூக்கிப் பிடித்தோ நிரப்பலாகாது. தரையில் வைத்தே நிரப்பவேண்டும்.

இனிப் புகைபோக்கிக்கு வருவோம். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் 1994 முதல் படிப்படியாய் எழுந்தது. வல்லூரில் 2012இல் மற்றொன்று வந்தது. இவை எரிப்பது நிலக்கரி. நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து பங்குவரை சாம்பலே. அதிற் பெரும்பகுதி கனமாய்க் கீழே விழுவதில்லை. மாவினும் நுண்ணிய பொடியாய்ப் புகையோடு மேலே செல்கிறது. வடிகட்டித் துணி வைத்துப் பிடிப்பதும் உண்டு. நம் நாட்டில் பெரும்பாலான நிலையங்கள் நம்பியிருப்பது சீப்பின் விசையை.

1880களில் ஆலிவர் லாட்ஜ் என்ற ஆங்கில அறிஞர் புகை நிறைந்த கண்ணாடிக் கலத்தில் மின்முனையை வைத்துப் புகையைத் தெளியச் செய்தார். ஈயம் உருக்கும் ஆலையில் அதனை முயன்றபோது கைகூடவில்லை. போதிய மின் ஊட்டும் பொறி அக்காலத்தில் இல்லை. அமெரிக்கரான காட்ரெல் 1908இல் காப்புரிமை பெற்ற கருவி வெற்றி பெற்றது. அக்காப்புரிமையின் வருவாயைத் தம் பெட்டியில் பூட்டாமல், ஆராய்ச்சிக்கு உதவும் நிறுவனம் ஒன்றை 1912இல் அவர் தோற்றுவித்தார். இத்தகையோர் பெயரை நம் பாடநூல்களில் காண்பது அரிது.

கருவியின் அமைப்பு எளியது. பெரிய அறை போன்ற பெட்டிக்குள் உயரமான எஃகுத் தகடுகள் வரிசையாய்த் தொங்குகின்றன. தகடுகளின் இடையே மெல்லிய கம்பிகள் உள்ளன. அவற்றிற்குப் பல பதினாயிரம் வோல்ட் எதிர்மின் ஊட்டுகின்றனர். கம்பியைச் சுற்றியுள்ள புகைக்காற்று மின்னேற்று, சாம்பல் துகள்களுக்கும் மின்னை ஏற்றிவிடுகிறது. துகள்கள் தகடுகளை நோக்கி இழுக்கப்பட்டு ஒட்டுகின்றன. சுத்தியல்கள் அவ்வப்போது தகடுகளைத் தட்டுகின்றன; சாம்பல் அடியிலுள்ள கூம்புத் தொட்டியில் விழுகிறது. ஓங்கித் தட்டினால் பிடித்த சாம்பல் மீண்டும் புகையில் கலந்துவிடும். மெல்லத் தட்டினால் தகட்டைவிட்டுப் பெயராது. தொழிலாளர் இதனை ஈ.எஸ்.பி. என்று சுருக்கிச் சொல்வர். இத்தகைய கருவிகள் நம் இராணிப்பேட்டையில் பெல் நிறுவனத்தின் ஆலையிலேயே செய்யப்படுகின்றன.

நம் நாட்டு நிலக்கரிக்கு இங்கே ஓர் இடர் உண்டு. அதில் கந்தகம் குறைவு. கந்தகம் குறைவது காற்றுக்கு நல்லதுதான். ஆனால் கந்தகம் எரிந்து உண்டாகும் ஆவியே சாம்பலின் மேற்பரப்பைச் சிறிது கடத்தியாக்குவது. அது இல்லாதபோது சாம்பல் அரிதிற் கடத்தியாய், கோடைக்காலச் சீப்பைப் போல, பெற்ற மின்னை விடாமல் பற்றிக்கொள்கிறது. தகட்டின்மேல் படிந்த சாம்பலில் மின் தேங்குகிறது. ஓரளவுக்கு மேல் தேங்கினால் அப்படலத்தில் பொறி கிளம்பி, மாற்று மின் புகைக்குள் பாய்ந்து, வரும் துகள்களின் மின்னைக் கெடுத்துவிடுகிறது. ஆதலின் நம் நாட்டுக் கருவிகளை அயல்நாட்டினும் பெரியனவாக அமைக்க நேர்கிறது. சில இடங்களில் புகையோடு அம்மோனியாவோ பிற ஆவியோ கலந்து சாம்பலைப் பதப்படுத்துகின்றனர். பஞ்சாலைக்காரர் நீர் தூவியதும் இதுவும் ஒரே கருத்தின்பாற்பட்டவை.

கருவியின் திறமையைச் சதவீதத்தில் கூறுவர். அங்கேதான் கணக்கைக் கவனமாய்ப் போடவேண்டும். மணிக்கு 100 டன் நிலக்கரி எரிவதாகக் கொள்வோம். நூற்றுக்கு 40 பங்கு சாம்பல் என்றால் 40 டன். அதில் ஐந்தில் நான்கு பங்கு புகையோடு சென்றால் 32 டன். கருவி நூற்றுக்கு 99 பங்கைப் பிடித்தால், பிடிபடாதது மணிக்கு 320 கிலோ. 99.9 பங்கைப் பிடித்தால் 32 கிலோ. 99 என்பதும் 99.9 என்பதும் மாணவன் காதுக்கு ஏறத்தாழ ஒன்றே. மொட்டை மாடியில் துணி உலர்த்துபவருக்கு அவை பத்து மடங்கு வேறானவை. ஒரு கம்பி அறுந்தால், ஒரு சுத்தியல் நின்றால், ஒரு தொட்டி நிரம்பி வழிந்தால் அந்தப் புள்ளிக்குப் பின்னுள்ள ஒன்பது போய்விடும். மைய அரசு 2015 டிசம்பரில் வெளியிட்ட விதி, ஒரு கன மீட்டர் புகைக்காற்றில், 2003 முடிவதற்குள் அமைத்த அலகுகளுக்கு 100 மில்லிகிராம், 2004 முதல் 2016 வரை அமைத்தவற்றிற்கு 50, 2017 முதல் அமைப்பனவற்றிற்கு 30 எனத் துகளுக்கு வரம்பிட்டது. எழுத்தளவில் இது நல்ல வரம்பு. அதனை நாள்தோறும் காப்பது தகடும் சுத்தியலும் அவற்றைப் பேணும் ஆள்களுமே. பேணும் செலவில் சிக்கனம் பிடித்தலைச் சிக்கனம் என்று நான் சொல்லமாட்டேன்.

பிடித்த சாம்பலும் மறைந்துபோவதில்லை. ஒரு பகுதி சிமெண்டிலும் செங்கல்லிலும் சேர்கிறது. எஞ்சியதை நீரில் குழைத்துக் குழாய் வழியே சாம்பற் குளங்களுக்கு அனுப்புகின்றனர். அக்குழாய்கள் கசிந்து கொசத்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் சாம்பல் படிந்ததும், மீனவர் முறையிட்டதும், பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்ததும் நாடறிந்தவை. காற்றிலிருந்து காத்ததை நீரில் கொட்டியதாயிற்று.

நம் மாடியில் படியும் தூசியில் உலைச்சாம்பல் உண்டா என்று அறிய விரும்புவோர்க்கு ஒரு வழி சொல்கிறேன். உயர்நிலைப் பள்ளி மாணவர் செய்யத்தக்கது. வெள்ளைப் பீங்கான் தட்டில் தேங்காய் எண்ணெயை மெல்லியதாய்த் தடவி, மாடியில் ஒரு பகலும் ஓர் இரவும் வைக்கவேண்டும். நிலைமின் குழப்பாதிருக்கப் பிளாஸ்டிக் தட்டைத் தவிர்க்கவேண்டும். மறுநாள் எண்ணெயில் ஒட்டியதைச் சிறிது எடுத்து, பள்ளி நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கலாம். தெருப்புழுதியும் நிலக்கரித் தூளும் உடைந்த கல்லைப் போல் முனையும் மூலையுமாய்த் தோன்றும். உலைச்சாம்பலோ கடும் வெப்பத்தில் உருகித் துளியாகி, பறக்கும்போதே குளிர்ந்தது; ஆதலால் கண்ணாடி மணிகள்போல் உருண்டையாய் இருக்கும்; சில மணிகள் உள்ளே வெற்றிடமாயும் இருக்கும். நூறு துகள்களில் உருண்டை எத்தனை என்று எண்ணி, அன்றைய தேதியையும் காற்றின் திசையையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளவேண்டும். எங்கள் பெரம்பூரில் இதற்கு ஏற்ற காலம் வாடை வீசும் மார்கழி. எண்ணூர் எங்களுக்கு வடக்கே இருக்கிறது.